உஷார்! பில் யார் பெயரிலோ, பழியும் அவர் பெயரில்!

2008 ஜூலை 26, சனிக்கிழமை. அகமதாபாத்தில் அடுத்தடுத்துக் குண்டுகள் வெடித்து ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்த மாலை. முதல் குண்டு வெடிக்கச் சில நிமிடங்கள் இருக்கும்போது டி.வி. சேனல்களுக்கு ஒரு இ-மெயில் வந்து விழுந்தது. தாக்குதலுக்குப் பொறுப்பேற்கும் மிரட்டல் கடிதம். போலீஸார் அந்த மெயிலின் ஐ.பி. முகவரியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அது போய் நின்ற இடம் நவி மும்பையின் சான்பாடா பகுதியில் ஓர் அடுக்குமாடி வீடு. வேலை நிமித்தம் இந்தியா வந்து குடும்பத்தோடு தங்கியிருந்த ஓர் அமெரிக்கரின் வீடு அது.

அந்த மெயிலை அனுப்பியது அவர் அல்ல. அவர் வீட்டு வை-ஃபைக்குப் பாதுகாப்பு இல்லை. அலை எட்டும் தூரத்தில் இருந்த யாரோ அதில் நுழைந்து, மெயிலைத் தட்டிவிட்டுக் கிளம்பிவிட்டார்கள். அவர் வீட்டு கம்ப்யூட்டர்கள் போலீஸ் கைக்குப் போயின. விசாரணைக்கு மேல் விசாரணை. அவருக்கு இதில் சம்பந்தமில்லை என்பது பிறகுதான் தெளிவானது. அடுத்த மாதமே அதே கும்பலின் இன்னொரு மெயில், மும்பை மாட்டுங்காவில் உள்ள ஒரு கல்லூரியின் வை-ஃபை வழியாகப் போனது. செப்டம்பர் 13 டெல்லி குண்டுவெடிப்பின்போது செம்பூரில் ஒரு நிறுவனத்தின் வை-ஃபை. மூன்று முறையும் குற்றவாளி பயன்படுத்தியது அடுத்தவர் முகவரியை!

பழைய கதை என்று பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். அன்றைக்கு வீட்டில் வை-ஃபை வைத்திருந்தவர்கள் சொற்பம். இன்றைக்கு ஊருக்கு ஊர் ஃபைபர் லைன் வந்துவிட்டது. மாடிப் போர்ஷனுக்கு, எதிர்க் கடைக்கு, ட்யூஷன் படிக்க வரும் பிள்ளைகளுக்கு என்று பாஸ்வேர்டைத் தாராளமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறோம். அந்த கனெக்‌ஷன் யார் ஆதாரில் இருக்கிறது? உங்கள் ஆதாரில்.

இதைவிடக் கொடுமையான சம்பவம் ஒன்று 2007-ல் நடந்தது. சத்ரபதி சிவாஜியை இழிவுபடுத்தும் படம் ஒன்றை ஆர்குட் என்ற அன்றைய சமூக வலைத்தளத்தில் யாரோ போட்டிருந்தார்கள். புனே போலீஸார் அந்த ஐ.பி. முகவரிக்குரியவர் யார் என்று இணையச் சேவை நிறுவனத்திடம் கேட்டார்கள். நிறுவனம் தந்தது தவறான விவரம். பெங்களூரில் ஐ.டி. வேலையில் இருந்த ஓர் இளைஞரைக் கைது செய்து புனேவுக்குக் கொண்டுபோனார்கள். 50 நாள் சிறை. அந்தப் படத்துக்கும் அவருக்கும் எந்தத் தொடர்பும் இல்லை. அவருடைய வை-ஃபைக்குள் எவரும் நுழையவும் இல்லை. ஒரு பதிவேட்டில் ஒரு வரி பிசகியது, ஒரு மனிதர் கம்பிக்குப் பின்னால் போனார்.

கம்ப்யூட்டர் உலகம் நம்மை எப்படி அடையாளம் காண்கிறது என்று தெரிந்துகொண்டால்தான் இந்த ஆபத்தின் கனம் புரியும்.

உங்கள் போன், லேப்டாப், டி.வி. ஒவ்வொன்றிலும் வை-ஃபை சிப் இருக்கிறது. அதற்குத் தயாரிப்பிலேயே ஓர் எண் கொடுத்துவிடுகிறார்கள். அதுதான் மேக் முகவரி. 0 முதல் 9 வரை, ஏ முதல் எஃப் வரையிலான குறிகளில் மொத்தம் 12. முதல் ஆறைப் பார்த்தாலே எந்தக் கம்பெனித் தயாரிப்பு என்று சொல்லிவிடலாம். போன் ரௌட்டரை அணுகியதும், 'எனக்கு ஒரு முகவரி வேண்டும்' என்று கேட்கும். ரௌட்டர் கையிருப்பிலிருந்து 192.168.1.5 போல ஒன்றை எடுத்துக் கொடுக்கும், அதுவும் குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும். இந்த மேக் முகவரியும் சரி, இந்த உள்வீட்டு ஐ.பி. முகவரியும் சரி, உங்கள் ரௌட்டரைத் தாண்டி வெளியே போவதில்லை. இங்கேதான் கவனிக்க வேண்டும். வெளியுலகத்துக்குத் தெரிவதெல்லாம் இணைய நிறுவனம் உங்கள் ரௌட்டருக்குத் தந்திருக்கும் பொது ஐ.பி. முகவரி ஒன்றே ஒன்றுதான். பத்துக் குடித்தனம் இருக்கிற பழைய வீட்டுக்குத் தெருவில் ஒரே கதவு எண் இருப்பதைப் போல. தபால்காரர் அந்தக் கதவு வரைதான் வருவார். உள்ளே எந்தக் குடித்தனம் என்பது அவருக்குத் தெரியாது.

ஆக, உங்கள் வை-ஃபையில் நீங்கள் பேங்க் வேலை பார்த்தாலும், மாடிவீட்டுப் பையன் படம் பார்த்தாலும், தெருமுனையில் பைக்கில் உட்கார்ந்திருக்கும் யாரோ ஒருவன் ஒரு பெண்ணுக்கு ஆபாச மிரட்டல் அனுப்பினாலும், அந்தப் பக்கத்து சர்வரில் பதிவாவது ஒரே முகவரி. போலீஸ் கேட்கும்போது நிறுவனம் எடுத்துக் கொடுப்பது ஒரே பெயர். பில் யார் பெயரில் வருகிறதோ அந்தப் பெயர்.

இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. இப்போது புழக்கத்தில் உள்ள பழைய முறை ஐ.பி. முகவரிகள் மொத்தமே சுமார் 429 கோடி. உலகத் தொகுப்பில் மிச்சமிருந்தது 2011 பிப்ரவரியிலேயே தீர்ந்துபோனது. அதனால் ஒரே பொது முகவரியைப் பல வாடிக்கையாளர்களுக்குப் பங்கு போட்டுக் கொடுக்கிறார்கள். மொபைல் டேட்டாவில் இது சர்வசாதாரணம். வீட்டு லைன்களிலும் வந்துவிட்டது. அப்போது முகவரி மட்டும் போதாது. எந்த போர்ட் எண் (ஒரே முகவரிக்குள் ஒவ்வொரு இணைப்புக்கும் தரும் கிளை எண்), எந்த நிமிடம், எந்த விநாடி என்று எல்லாம் சேர்ந்தால்தான் ஆள் யாரென்று பிரித்துச் சொல்ல முடியும். ஏதோ ஒரு நாட்டின் நேரக் கணக்கில் எழுதியதை நம் நேரத்துக்கு மாற்றும்போது கணக்குப் பிசகினால், கை வேறொருவரைச் சுட்டிக்காட்டிவிடும்.

இதில் என்னைக் கலங்க வைப்பது வேறொன்று. நம் இணைய நிறுவனங்கள் பயன்பாட்டுப் பதிவுகளைக் குறைந்தது 2 ஆண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உரிம விதியை மாற்றிவிட்டார்கள். குற்றங்களைத் துப்பறிய அது தேவைதான். ஆனால், 'அந்த நேரத்தில் என் வை-ஃபையில் இருந்தது நானல்ல, வேறொரு போன்' என்று காட்டக்கூடிய பட்டியல் எங்கே இருக்கிறது? உங்கள் ரௌட்டரின் நினைவில். பெரும்பாலான வீட்டு ரௌட்டர்களில் கரண்ட் போய் வந்தால் அது அழிந்துவிடும். உங்களைச் சுட்டும் ஆதாரம் இரண்டு வருடம் பத்திரமாக இருக்கிறது. உங்களைக் காக்கும் ஆதாரம் அடுத்த மின்வெட்டு வரைதான்.

சரி, என் வை-ஃபைக்குத்தான் பாஸ்வேர்டு இருக்கிறதே என்கிறீர்களா? அந்த பாஸ்வேர்டு என்ன என்று கொஞ்சம் யோசியுங்கள். லைன் போட வந்தவர், "சார், உங்க மொபைல் நம்பரையே வெச்சுடறேன், மறக்காது" என்று சொல்லி வைத்துவிட்டுப் போனதுதானே?

2021-ல் இஸ்ரேலில் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர், டெல் அவிவ் நகரில் சைக்கிளிலும் காரிலும் நடந்தும் சுற்றி, 5,000 வை-ஃபைகளின் அலைகளிலிருந்து பாஸ்வேர்டைச் சோதிக்க உதவும் துணுக்குகளைச் சேகரித்தார். எவர் வீட்டுக்குள்ளும் போகவில்லை, எவரிடமும் பேச்சுக் கொடுக்கவில்லை. அறைக்குத் திரும்பி கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்ததில் 3,500-க்கும் மேற்பட்ட பாஸ்வேர்டுகள் உடைந்தன. அவற்றில் பெரும்பங்கு மொபைல் எண்கள்! நம் ஊர்க் கணக்கைப் போட்டுப் பாருங்கள். 6, 7, 8, 9-ல் தொடங்கும் பத்து இலக்க எண்கள் மொத்தம் 400 கோடி. கேட்கப் பெரிதாக இருக்கிறது. விலை உயர்ந்த கேமிங் கம்ப்யூட்டரில் இருக்கும் ஒரு கிராஃபிக்ஸ் கார்டு நொடிக்குப் பத்து லட்சம் பாஸ்வேர்டுகளைச் சோதித்துத் தள்ளும். 400 கோடியும் முடிய ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். அடுத்த வீட்டுக்காரருக்கு அந்த ஒரு மணி நேரமும் வேண்டாம். உங்கள் நம்பர்தான் அவர் போனிலேயே இருக்கிறதே.

அடுத்தது, ரௌட்டரின் முதுகில் 'டபிள்யூ.பி.எஸ்.' என்று எழுதியிருக்கும் பொத்தான். பாஸ்வேர்டு அடிக்காமலே சாதனங்களை இணைக்க வந்த வசதி. இதிலேயே எட்டு இலக்க பின் எண் கொடுத்து இணைக்கும் முறையும் உண்டு. எட்டு இலக்கம் என்றால் பத்துக் கோடி சாத்தியங்கள், யாராலும் முடியாது என்றுதான் எல்லோரும் நினைத்திருந்தார்கள். 2011 டிசம்பரில் ஸ்டெஃபான் ஃபீபெக் என்ற ஆய்வாளர் அதன் ஓட்டையை வெளியிட்டார். எட்டில் கடைசி இலக்கம் மற்ற ஏழிலிருந்து கணக்கிட்டு வருவது. அதைத் தேடவே வேண்டாம். அதைவிட மோசம், முதல் நான்கு இலக்கம் தப்பா சரியா என்பதை ரௌட்டர் தனியாகச் சொல்லிவிடுகிறது. முதல் பாதிக்கு 10,000 முயற்சி, மிச்சம் மூன்று இலக்கத்துக்கு 1,000. ஆக மொத்தம் 11,000! பத்துக் கோடி என்று நம்பியிருந்தது பதினோராயிரத்தில் வந்து நின்றது. சில மணி நேர வேலை. பின் எண் கிடைத்தால், எத்தனை கடினமான பாஸ்வேர்டு வைத்திருந்தாலும் ரௌட்டரே அதை எடுத்து நீட்டிவிடும். புதிய ரௌட்டர்கள் பல தவறான முயற்சிக்குப் பிறகு இதைப் பூட்டிவிடுகின்றன. நாலைந்து வருடத்துக்கு முன்பு கேபிள்காரர் மாட்டிவிட்டுப் போன பெட்டி அப்படிச் செய்யுமா என்பதற்கு யாரும் உத்தரவாதம் தரப்போவதில்லை. டபிள்யூ.பி.எஸ். வசதியை அணைத்துவிடுங்கள்.

'நான் வை-ஃபை பெயரையே மறைத்து வைத்திருக்கிறேன்', 'என் வீட்டு மேக் முகவரிகளை மட்டும்தான் அனுமதித்திருக்கிறேன்' என்று தைரியமாக இருப்பவர்கள் உண்டு. இந்த இரண்டையும் நம்பி உட்கார வேண்டாம். உங்கள் போன் ரௌட்டரோடு பேசும் ஒவ்வொரு முறையும் மேக் முகவரி காற்றில் வெளிப்படையாகவே போகிறது. அதைக் கேட்டுவிட்டு, தன் லேப்டாப்பின் மேக் முகவரியை அதுவாகவே மாற்றிக்கொள்ள ஒரு வரிக் கட்டளை போதும். ஒரு சாதனம் தன்னை யாரென்று சொல்லிக்கொள்கிறதோ அதை அப்படியே நம்பும்படிதான் இந்த அடிப்படை ஏற்பாடுகள் 1980-களில் உருவாயின. ஒருவரையொருவர் அறிந்த ஆய்வகங்களுக்குள் அது சரி. உங்கள் தெருவில் அது சரிப்படாது.

இதுவரை சொன்னது கதவை உடைத்து வருபவர்கள் பற்றி. நாமே கூப்பிட்டு உட்கார வைப்பவர்கள்தான் இன்னும் அபாயம்.

2024 மே மாதம் சிங்கப்பூரில் ஒரு சீன நாட்டவரைக் கைது செய்தார்கள். '911 எஸ்5' என்ற பெயரில் அவர் நடத்தியது என்ன வியாபாரம் தெரியுமா? வீட்டு ஐ.பி. முகவரிகளை வாடகைக்கு விடுவது! மாஸ்க் வி.பி.என்., டியூ வி.பி.என். என்று, நம் ஐ.பி. முகவரியை மறைத்துக் காட்டுவதாகச் சொல்லும் சில இலவச ஆப்களைப் பரப்பியிருக்கிறார்கள். அதை கம்ப்யூட்டரில் போட்டவர்களின் முகவரி, அவர்களுக்கே தெரியாமல் குற்றவாளிகளுக்கு விலை போனது. அமெரிக்க நீதித்துறை சொன்ன கணக்கின்படி 1.9 கோடி ஐ.பி. முகவரிகள், 190-க்கும் மேற்பட்ட நாடுகள். அந்த முகவரிகளுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு அமெரிக்காவின் கொரோனா நிவாரணப் பணத்தைச் சுருட்டியிருக்கிறார்கள், வெடிகுண்டு மிரட்டல் விடுத்திருக்கிறார்கள், குழந்தைகளை வைத்து எடுத்த ஆபாசப் படங்களைப் பரிமாறியிருக்கிறார்கள். ஒவ்வொன்றிலும் பதிவான முகவரி ஏதோ ஓர் அப்பாவிக் குடும்பத்தினுடையது. 'இலவச வி.பி.என்.' என்று தேடி இறக்கிக்கொள்ளும் கல்லூரிப் பிள்ளைகள் உங்கள் வீட்டில் இருந்தால் இன்றைக்கே உட்கார வைத்துப் பேசுங்கள். 'உங்கள் நெட்டைப் பகிர்ந்தால் பணம்' என்று ஆசை காட்டும் ஆப்களும் உண்டு. அவை கேட்பது உங்கள் டேட்டாவை அல்ல, உங்கள் முகவரியை.

ஆண்ட்ராய்டு டி.வி. பாக்ஸ் விவகாரம் இதன் அடுத்த கட்டம். எல்லாச் சேனலும் இலவசம் என்று பெயர் தெரியாத பிராண்டுகளில் மலிவாக விற்கிறார்களே, அவைதான். பெட்டியைப் பிரிப்பதற்கு முன்பே உள்ளே கெட்ட மென்பொருள் ஏறியிருக்கும் டி.வி. பாக்ஸ்கள், புரொஜெக்டர்கள் பற்றி 2025 ஜூனில் அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. எச்சரிக்கை வெளியிட்டது. 'பேட்பாக்ஸ் 2.0' என்று அந்த மென்பொருளுக்குப் பெயர். வீட்டு இணையத்தை வெளியாட்களின் வழித்தடமாக மாற்றுவதுதான் அதன் வேலை. வெளியே டி.வி. ஒழுங்காக ஓடும், ஒரு குறையும் தெரியாது. ஆப் ஸ்டோரின் பாதுகாப்பை அணைக்கச் சொல்லும் டி.வி. பாக்ஸ் உங்கள் வீட்டில் இருந்தால் மறுயோசனை வேண்டாம், பிளக்கைப் பிடுங்கிவிடுங்கள்.

இன்றிரவு ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். வை-ஃபையில் இருந்தபடி போனிலோ லேப்டாப்பிலோ பிரவுசரைத் திறந்து 192.168.1.1 என்று அடியுங்கள். சில ரௌட்டர்களில் 192.168.0.1 ஆக இருக்கும். பெட்டியின் அடியில் ஒட்டியிருக்கும் சீட்டில் பாருங்கள். யூசர்நேம், பாஸ்வேர்டு கேட்கும். இரண்டுக்கும் 'அட்மின்' என்று போட்டால் திறக்கிறதா? அப்படியானால் உங்கள் வை-ஃபையில் இருக்கும் எவரும் ரௌட்டரையே தன் இஷ்டத்துக்கு மாற்றலாம் என்று அர்த்தம். 2016-ல் உலகத்தையே கலக்கிய 'மிராய்' வைரஸ், கேமராக்களையும் ரௌட்டர்களையும் லட்சக்கணக்கில் பிடித்தது எந்தப் பெரிய வித்தையாலும் அல்ல. கம்பெனிகள் வைத்தனுப்பும் அறுபதுக்கும் மேற்பட்ட யூசர்நேம், பாஸ்வேர்டு ஜோடிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தது, அவ்வளவுதான். வீட்டு சி.சி.டி.வி. பெட்டிக்கும் இது பொருந்தும்.

உள்ளே போனதும் இணைந்திருக்கும் சாதனங்களின் பட்டியலைத் தேடுங்கள். ஒவ்வொரு வரியிலும் சாதனத்தின் பெயர், மேக் முகவரி, அதற்குக் கொடுத்த ஐ.பி. முகவரி இருக்கும். உங்கள் வீட்டில் ஆறு சாதனம்; பட்டியலில் ஒன்பது வரி. உடனே பதற வேண்டாம். ஆண்ட்ராய்டு 10-க்குப் பிறகு வந்த போன்களும், 2020-க்குப் பிறகு புதுப்பித்த ஐபோன்களும் ஒவ்வொரு வை-ஃபைக்கும் ஒரு பொய்யான மேக் முகவரியைக் காட்டுகின்றன. ஆளைப் பின்தொடராமல் தடுக்க வந்த நல்ல ஏற்பாடு அது. அதனால் கம்பெனிப் பெயர் பொருந்தாது. ஃபிரிட்ஜ், ஏ.சி., வாஷிங் மெஷின்கூட வை-ஃபையில் இருக்கலாம். ஒவ்வொரு சாதனமாக வை-ஃபையை அணைத்து, பக்கத்தைப் புதுப்பித்துப் பாருங்கள். பக்கத்தைப் பார்க்கும் சாதனத்தைத் தவிர மற்ற எல்லாவற்றையும் அணைத்த பிறகும் இன்னொரு வரி உயிரோடு நின்றால், அது பெரும்பாலும் உங்கள் வீட்டுச் சாதனம் இல்லை.

அந்தப் பட்டியலை ஸ்கிரீன்ஷாட் எடுத்துத் தேதியோடு பத்திரப்படுத்துங்கள். பிறகு வை-ஃபை பாஸ்வேர்டை மாற்றுங்கள். சம்பந்தமில்லாத நாலைந்து சொற்களைச் சேர்த்து, இருபது எழுத்துக்குக் குறையாமல் வையுங்கள். பாதுகாப்பு முறை டபிள்யூ.பி.ஏ.2 அல்லது 3 ஆக இருக்கட்டும். 'டபிள்யூ.இ.பி.' என்று இருந்தால் அது 2001-லேயே உடைந்துபோன பூட்டு. விருந்தினருக்கு 'கெஸ்ட்' வை-ஃபை தனியாக வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஒன்று மறக்காதீர்கள். கெஸ்ட் வை-ஃபையும் வெளியே போவது உங்கள் அதே பொது முகவரியில்தான். உங்கள் கம்ப்யூட்டரை அது காக்கும், உங்கள் பெயரைக் காக்காது. அதனால்தான் சொல்கிறேன், குடித்தனக்காரருக்கும் பக்கத்துக் கடைக்கும் மாதம் இருநூறு ரூபாய் வாங்கிக்கொண்டு வை-ஃபை பகிர்வதை நிறுத்துங்கள். அவர்கள் பெயரில் தனி லைன் போடச் சொல்லுங்கள். ரயில் நிலைய வை-ஃபையில் மொபைல் எண்ணும் ஓ.டி.பி.யும் கேட்கிறார்களே, 2008 சம்பவங்களுக்குப் பிறகு, 2009-ல் மத்தியத் தொலைத்தொடர்புத் துறை பிறப்பித்த உத்தரவுகள்தான் அதற்குத் தொடக்கம். மேன்ஷன், ஹோட்டல், காபி கடை நடத்துபவர்கள் சுவரில் பாஸ்வேர்டை எழுதி ஒட்டுவது பெரிய வினை. யார் எப்போது வந்தார் என்ற பதிவு இல்லாமல் வை-ஃபை கொடுக்காதீர்கள்.

இவ்வளவும் படித்து பயந்துபோயிருக்கும் நேரத்தில்தான் இன்னொரு கூட்டம் போன் செய்யும். "உங்க ஐ.பி. அட்ரஸ்லேர்ந்து ஆபாச வீடியோ போயிருக்கு, மும்பை சைபர் கிரைம்லேர்ந்து பேசறேன், வீடியோ கால்லயே இருங்க, யார்கிட்டயும் சொல்லாதீங்க" என்று காக்கிச் சட்டை தெரியும்படி உட்கார்ந்து மிரட்டுவார்கள். நிச்சயமாக மோசடி! டிஜிட்டல் கைது என்று ஒன்று நம் சட்டத்தில் கிடையாது; 2024 அக்டோபர் 27 அன்று பிரதமரே தன் வானொலி உரையில் இதைச் சொல்லி எச்சரித்தார். நிஜ போலீஸ் வீடியோ காலில் விசாரிக்காது, 'சரிபார்க்க' என்று உங்கள் பேங்க் பணத்தை வேறு கணக்குக்கு மாற்றச் சொல்லாது. இணைப்பைத் துண்டியுங்கள். பணம் போயிருந்தால் ஒரு நிமிடம்கூடத் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண்ணான 1930-க்கு அழையுங்கள்.

நிஜமாகவே காவல் நிலையத்திலிருந்து எழுத்தில் அறிவிப்பு வந்தால், பதற்றத்தில் ரௌட்டரை ரீசெட் செய்துவிடாதீர்கள், பிளக்கைப் பிடுங்கிவிடாதீர்கள். சாதனப் பட்டியலையும் ரௌட்டரின் லாக் பக்கத்தையும் படம் எடுத்துவிட்டு வக்கீலைப் பாருங்கள். எந்த முகவரி, எந்த போர்ட், எந்த நேரம், அது எந்த நாட்டு நேரம் என்ற நான்கையும் எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள்.